ஏரி வாணலி அல்ல, தாம்பாளம்: உங்கள் பகுதிக்குப் பசுமைத் திட்டம் போடப்போகிறவர்களுக்கு

எங்கள் ஏரியைச் சுற்றி எட்டடி அகலத்துக்கு பேவர் பிளாக் நடைபாதை இருக்கிறது. அதை வரைந்து கொடுத்தவன் நான்.

முப்பத்திரண்டு வருடம் வரைபட மேசையில் குனிந்தே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். ரிட்டயர் ஆன மூன்றாவது மாதமே குடியிருப்போர் சங்கத்தில், "சார், ஏரியை அழகுபடுத்தப் போறாங்க, நீங்கதான் ஒரு பிளான் போட்டுத் தரணும்" என்று வந்து நின்றார்கள். கரும்பு தின்னக் கூலியா? ஒரே வாரத்தில் போட்டேன். ஏரியைச் சுற்றி நடைபாதை. உட்புறம் செங்குத்தான கல் சுவர். நடுவே ஆழமாகத் தூர் வாரல். இருபதடிக்கு ஒரு வெள்ளை எல்.இ.டி. விளக்கு, மெக்சிகன் புல்தரை, வரிசையாகக் கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரம். திறப்பு விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள்.

அடுத்த ஜனவரியில் கழுத்தில் பைனாகுலரோடு ஒரு கல்லூரிப் பெண் கரையில் நின்றுகொண்டிருந்தாள். பின்தெருப் பெண்தான். "அங்கிள், போன பொங்கலுக்கு இங்க நாப்பத்திரண்டு நெடுங்கால் உள்ளான் எண்ணினேன். இன்னைக்கு ஒண்ணுகூட இல்ல" என்றாள். உள்ளான் நீரோரப் பறவை. ஏரி நிறையத் தண்ணீர். மீனும் இருக்கிறது. அப்புறம் அதுகளுக்கு என்னம்மா குறை என்று கேட்டேன்.

"தண்ணி இருக்கு அங்கிள். நிக்கறதுக்கு இடம் இல்ல."

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரிலும் யாராவது ஒரு வரைவாளரைத் தேடி வந்துகொண்டிருப்பார்கள். அதற்கு முன் இது உங்கள் கைக்கு வந்தால் நல்லது.

ஒரு ஏரிக்குத் திட்டம் போட முடியாது

"பசுமைக் கட்டமைப்பு" என்று இப்போது சொல்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. சாலையும் குழாயும் மின்கம்பியும் ஊருக்குக் கட்டமைப்பு என்றால் ஏரி, ஓடை, மரம், புல்வெளி, காலி மண் எல்லாமும் அப்படித்தான். அவை மழையை வாங்கிக்கொள்கின்றன, சூட்டைக் குறைக்கின்றன, கூடவே உயிர்களுக்கு வீடாகவும் இருக்கின்றன. சாலையைத் துண்டு துண்டாகப் போட்டால் அது சாலையா? பசுமையை மட்டும் நாம் துண்டு துண்டாகத்தான் போடுகிறோம்: இங்கே ஒரு பூங்கா, அங்கே ஒரு குறுங்காடு, நடுவில் ஒன்றுமில்லை.

தென்சென்னைப் பக்கம் ஒரு சங்கிலி இருக்கிறது. செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலம், அது நிறைந்தால் கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கோவளத்தில் கடல். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பட்டியலில் ஏறியது. ஏறத்தாழ 1,248 ஹெக்டேர். அந்தச் சதுப்புக்கு வரும் பூநாரையையும் கூழைக்கடாவையும் காப்பாற்றும் வேலை சதுப்பின் வேலிக்குள் மட்டும் நடப்பதில்லை. மேலே இருக்கிற சின்ன ஏரி எதை அனுப்புகிறதோ, அதுதான் கீழே போய்ச் சேருகிறது. எங்கள் ஏரியும் இந்தப் பக்கத்துச் சின்ன ஏரிதான், பெயர் வேண்டாம்.

ஆகவே முதல் காகிதத்தில் உங்கள் ஏரியை வரையாதீர்கள். அதற்கு மேலே எது, கீழே எது, நடுவில் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதை வரையுங்கள். கூகுள் எர்த்தைக் கணினியில் இறக்கி, பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். இன்று ஃபிளாட் நிற்கும் இடத்தில் ஒரு கரும்பச்சைக் கோடு தெரியும். அதுதான் வரத்துக் கால்வாய். வருவாய்த் துறையின் புலப்படமும் அ-பதிவேடும் எடுத்து அந்தக் கோட்டை ஒத்துப்பாருங்கள். படத்தில் கால்வாய், பதிவேட்டில் 'ஓடைப் புறம்போக்கு', நேரில் ஒரு திருமண மண்டபம். இந்த மூன்றும் ஒரே இடத்தில் அமைவது நம் ஊரில் சகஜம்.

இன்னொன்று. ஏரி யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் யாரிடமும் மனுவோடு போகாதீர்கள். பொதுவாக, ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் அது பொதுப்பணித் துறை ஏரி, இப்போது நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றிய ஏரி. ஊர் மாநகராட்சிக்குள் போயிருந்தால் அதிலும் குழப்பம். ஆறு மாதம் தவறான கவுண்டரில் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரு வருடம் சும்மா பாருங்கள்

இதைச் சொன்னால் சங்கத்தில் யாருக்கும் பிடிக்காது. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும் என்பார்கள். இருந்தாலும் நான்கு பருவத்தையும் பார்க்காமல் கோடு போட்டால் நான் போட்ட கோடு மாதிரிதான் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் குடையோடு போய் நில்லுங்கள். பெருமழை பெய்யும்போது தண்ணீர் எந்தத் தெருவில் திரும்புகிறது, எந்த மதிலில் முட்டுகிறது என்று கைபேசியில் படம் எடுங்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அன்று எங்கள் ஏரியின் கலங்கல் (ஏரி நிரம்பினால் நீர் வழியும் இடம்) தாண்டி வழிந்த தண்ணீர், வரைபடத்தில் எந்த வழியும் இல்லாத இரண்டு தெருக்களை வழியாக்கிக்கொண்டது. பழைய கிராம வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த இரண்டு தெருவும் ஒரு காலத்தில் உபரி நீர் வெளியேறும் போக்குக் கால்வாய்.

கத்திரி வெயிலில் இன்னொரு நடை. இது முக்கியம். மே மாத நண்பகலில், ஒரு வாரமாக மழையே இல்லாதபோது, ஏரிக்குள் வந்து விழும் எல்லா வாய்களையும் சுற்றிப் பாருங்கள். அன்று அவற்றில் ஓடுகிற எதுவும் மழைநீர் அல்ல. 'மழைநீர் வடிகால்' என்று பலகை வைத்திருந்தாலும் அது சாக்கடைதான். எங்கள் ஏரியில் ஏழு வாய். மேயில் ஓடியது நான்கு. எந்த ஆய்வகச் சோதனையும் இல்லாமல் ஒரு மதியத்தில் கிடைத்த தகவல் இது.

பிறகு, மாடு மேய்ப்பவர்களிடம் பேசுங்கள். எங்கள் ஏரி உள்வாயில், அதாவது கரைக்கு எதிர்ப்பக்கத்து ஆழமில்லாத பகுதியில், முப்பது வருடமாக மாடு ஓட்டும் ஒரு பெரியவர் இருக்கிறார். நான் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "அந்தாண்ட நாலு பள்ளம் இருந்துச்சி சார். கோடையில ஏரி வத்தினாலும் பள்ளத்துல தண்ணி நிக்கும். மீனு அதுல உக்காந்துக்கும், மாடும் குடிக்கும். நீங்கதான எல்லாத்தையும் சமமா வழிச்சி உட்டீங்க" என்றார். ஆமாம், நான்தான். சமதளம் என்றால் எங்கள் தொழிலில் ஒரு பெருமை.

பறவைகளை எண்ணத் தெரிந்த ஒருவரைப் பிடித்து மாதம் இரண்டு முறை காலையில் நடக்கச் சொல்லுங்கள். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. அதில் உங்கள் ஏரியையும் சேர்த்துவிட்டால் ஒப்பிட ஆண்டுதோறும் ஒரு கணக்கு கிடைக்கும். பறவைக் கணக்கைப் பதியும் ஈபேர்டு செயலியில் ஏற்றினால் தரவு தொலையாது. பறவை மட்டும் போதாது. தவளைச் சத்தம் எந்த மூலையில் கேட்கிறது, தும்பிகள் எங்கே கூடுகின்றன, எருக்கும் ஆவாரையும் எங்கே பூத்திருக்கின்றன, இதெல்லாம் குறிப்பில் ஏறட்டும். வரைபடத்தில் நான் 'வெறும் தரிசு' என்று எழுதியிருந்த மூலையில்தான் ஆள்காட்டிக் குருவிகள் முட்டையிட்டன. இப்போது அந்தச் சொல்லை நான் எழுதுவதில்லை.

கரையோரம்: இங்கேதான் எல்லாம் இருக்கிறது

நெடுங்கால் உள்ளானுக்குச் சிவந்த நீளக் கால்கள். அதை வைத்துக்கொண்டு நம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடந்து சேற்றைக் குத்தித் தின்னும். சின்ன உள்ளான்களுக்கு இன்னும் குறைவு. நான்கு விரல்கடைத் தண்ணீர், அல்லது ஈரச் சேறு. புள்ளிமூக்கு வாத்து தலையைக் கவிழ்த்துத் துழாவ ஓரடி, ஒன்றரையடி. முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் முங்குவதற்கு ஆழம் வேண்டும். தாழைக்கோழிக்குக் கோரையும் சம்பும் வேண்டும். இலைக்கோழிக்கு மிதக்கும் இலை. ஒரே ஏரியில் இத்தனை பேர் குடித்தனம் நடத்துவது ஆழம் ஒரே மாதிரி இல்லாததால்தான்.

பழைய ஏரிகள் தாம்பாளம் மாதிரி. கரைப் பக்கம் ஆழம், எதிர்ப்பக்க உள்வாய் மெல்ல மெல்ல ஏறி வயலோடு கலந்துவிடும். தண்ணீர் வற்றவற்ற ஓரம் உள்ளே நகரும். நவம்பரில் ஓரிடத்தில் இருக்கும் சேறு பிப்ரவரியில் நூறடி உள்ளே போயிருக்கும், பறவையும் கூடவே போகும். நான் செய்தது என்ன? தாம்பாளத்தை வாணலி ஆக்கினேன். நாலா பக்கமும் செங்குத்து, நடுவில் பன்னிரண்டடி. கொள்ளளவு கூடியது, உண்மை. அந்தக் கணக்கைத்தான் திறப்பு விழாப் பலகையில் எழுதியிருக்கிறார்கள்.

எனவே இப்படிச் செய்யுங்கள். ஆழப்படுத்த வேண்டுமென்றால் மதகுக்கு அருகே, மண்கரையை ஒட்டிய பகுதியில் மட்டும். அங்கேயும் கரையின் அடிக்காலைத் தோண்டிவிடாமல் தள்ளித் தோண்டுங்கள். கரையின் உட்சரிவுக்கு அலைகல், அதாவது அலை மண்ணை அரிக்காமல் பதிக்கும் கல், வேண்டும். அதைச் சிமென்ட் பூசி மூடாதீர்கள். கல்லிடுக்கில் நண்டு, நத்தை, சாரைப்பாம்பு எல்லாம் இருக்கும். எதிர்ப்பக்க உள்வாயைத் தொடவே வேண்டாம். ஏற்கெனவே யாராவது தொட்டுக் கெடுத்திருந்தால், ஓரடி ஆழத்துக்குப் பத்தடி நீளம் என்ற கணக்கில் சரிவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். இடமிருந்தால் இன்னும் மென்மையாக. தரையைச் சமப்படுத்தாமல் அங்கங்கே பள்ளமும் மேடுமாக விடுங்கள். பொக்லைன் ஓட்டுகிறவருக்கு இது மிகவும் கஷ்டமான வேலை. பக்கத்திலேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் வழித்துவிடுவார். ஏரி முழுவதையும் ஒரே கோடையில் தூர் வாராதீர்கள். இந்த வருடம் பாதி, அடுத்த வருடம் பாதி. சேற்றுக்குள் உறங்கும் உயிர்கள் இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்குப் பரவ வேண்டுமல்லவா.

வாரிய மண்ணில் தீவு போடலாம். இரண்டு போட்டால் ஒன்று மொட்டையாக, தட்டையாக இருக்கட்டும். உள்ளானும் ஆலாவும் உட்கார அதுதான் வேண்டும். இன்னொன்றில் கருவேல மரம், சீமைக் கருவேலம் அல்ல, நாட்டுக் கருவேலம். அதன் முள்கிளையில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். தீவுக்கும் கரைக்கும் நடுவே கோடையிலும் தண்ணீர் நிற்கிற அளவு ஆழம் வேண்டும். இல்லையென்றால் தெருநாய்களுக்குப் பாலம் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

நடைபாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைக்காக நானே தினமும் நடக்கிறேன். ஏரியின் ஒரு பக்கம், தெருவை ஒட்டிய கரைமேல் மட்டும் நடங்கள். சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும் என்ற ஆசையை விட்டால் பாதி ஏரி நிம்மதியாக இருக்கும். ஆறடி போதும், மண்ணைக் கெட்டித்துக் கப்பி போட்டால் போதும். விளக்கு வைத்தால் மஞ்சளாக, 3000 கெல்வினுக்கு மிகாமல், மூடி போட்டுக் கீழ்நோக்கி, தெருப் பக்கம் மட்டும். பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள். ஏரியைப் பார்த்து எரியும் வெள்ளை விளக்கில் இரவெல்லாம் பூச்சி சுற்றிச் சாகும்.

மரம் நடுவதற்கு முன்

இதில்தான் எல்லோருக்கும் அவசரம். ஆயிரம் மரம், பத்தாயிரம் மரம் என்று எண்ணிக்கை சொன்னால் படத்தோடு செய்தி வரும். தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்த 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. கன்று கிடைப்பது இப்போது கஷ்டமே இல்லை. கன்றை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

ஏரியின் உள்வாயில் வைக்காதீர்கள். புல்லும் சேறும் உள்ள திறந்த வெளி அது. அதைக் காடாக்கினால் திறந்த வெளிக்கென்றே இருக்கும் உயிர்கள் போய்விடும். மியாவாக்கி முறையில் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நடுகிறார்கள். குப்பை கொட்டிக் கெட்டுப்போன மூலைக்கு அது நல்லது. எங்களிடம் அப்படி ஒரு மூலை இருந்தது, அங்கே நட்டோம், இப்போது செண்பகப் பறவை உலாவுகிறது. ஆனால் இருக்கிற புல்வெளியைக் கொத்திவிட்டு அதன்மேல் குறுங்காடு போடுவது குடியிருப்பவரைக் காலி செய்துவிட்டு வாடகைக்கு ஆள் தேடுகிற வேலை.

கரையின் உட்சரிவில் பெரிய மரம் வேண்டாம். மரம் செத்து வேர் மக்கினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியும். கரை உடைவது இப்படித்தான் தொடங்கும். கரைக்குப் பனை. நம் முன்னோர் காரணமில்லாமல் வைக்கவில்லை. அதன் சல்லிவேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், உச்சியில் பனை உழவாரன் கூடு கட்டும், ஓலை நுனியில் தூக்கணாங்குருவி தொங்கும். வெளிச்சரிவில் நொச்சியும் வெட்டிவேரும். ஈரம் மாறாத போக்குக் கால்வாய் ஓரத்துக்கு நீர்மருதும் நாவலும் புங்கமும். தெருவுக்குப் பூவரசு, புங்கம், வேம்பு. இடம் தாராளமாக இருக்கிற ஒரே ஒரு மூலையிலாவது ஆலோ அத்தியோ. அத்தி வகை மரம் ஒன்று பழுத்தால் குயில், குக்குறுவான், மைனா, வௌவால் என்று ஊரே பந்திக்கு வந்துவிடும்.

என்னுடைய கோனோகார்பஸ் வரிசையைப் பற்றிக் கேட்கிறீர்களா? இரண்டே வருடத்தில் கும்மென்று வளர்ந்தது. பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் ஒரு சத்தமும் இருக்காது. மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். குஜராத் 2023-இல் அதைத் தடை செய்தது, பிறகு தமிழ்நாடும். நாங்கள் ஒவ்வொன்றாக எடுத்து அங்கே சரக்கொன்றை வைத்தோம். கொன்றை இலையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். புழு இலையைத் தின்று ஓட்டையாக்கும். 'மரத்துக்கு நோய்' என்று மருந்தடிக்க ஆள் வந்தார்கள், தடுக்க வேண்டியிருந்தது. எருக்கு, எலுமிச்சை, கறிவேப்பிலை எதை வைத்தாலும் இதே கதை நடக்கும். இலை கடிபட்டிருந்தால்தான் தோட்டம் வேலை செய்கிறது என்று தோட்டக்காரருக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள்.

சீமைக் கருவேலத்தை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கூடு இருக்கும் மாதங்களில் கூடாது. மொத்தமாகவும் கூடாது, மாற்று மரம் தலையெடுக்கும் வரை ஒரு பகுதியை விட்டுவையுங்கள். வெட்டினால் தழைத்துவிடும், தூரோடு தோண்ட வேண்டும். நெற்று முற்றுவதற்கு முன் செய்தால் நல்லது, மாடு நெற்றைத் தின்று சாணத்தில் விதை பரப்பும்.

தெருமரங்களைச் சுற்றிக் கழுத்து வரை சிமென்ட் பூசும் வழக்கத்தையும் நிறுத்துங்கள். தில்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட்டை எடுக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரை உங்கள் திட்டத்தில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

கால்வாய், சாக்கடை

ஆகாயத்தாமரையை வருடா வருடம் டெண்டர் விட்டு அள்ளுகிறார்கள். அது நோயல்ல, காய்ச்சல். சாக்கடையின் உரத்தைத் தின்றுதான் அது அப்படிப் பரவுகிறது. மே மாத நடையில் நீங்கள் கண்டுபிடித்த வாய்களை அடைக்காமல் அதை அள்ளுவது ஒப்பந்தக்காரருக்கு மாதச் சம்பளம் கொடுப்பது போல. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்தால் பிரச்சினை பெரும்பகுதி தீரும். வரும்வரை, ஏரிக்கு வெளியே ஒரு வண்டல் குழியும், அதை அடுத்துச் சரளைப் படுகையில் சம்பும் கல்வாழையும் வைத்து வடிகட்டி உள்ளே விடலாம். குழியைத் தவறாமல் தூர் எடுக்க யார் பொறுப்பு என்று எழுத்தில் இல்லாவிட்டால் அதையும் தொடங்காதீர்கள்.

வரத்துக் கால்வாயைக் கான்கிரீட் பெட்டியாக மாற்றும் திட்டம் வந்தால் உடனே போய்ப் பேசுங்கள். புதுவெள்ளத்தில் மீன் எதிரேறுவது நமக்கெல்லாம் தெரியும். மூன்றடி உயரத்திலிருந்து விழும் கான்கிரீட் படியில் அது எப்படி ஏறும்? தவளை விழுந்தால் வழவழப்பான சுவரில் ஏறவும் முடியாது. பக்கச்சுவர் தவிர்க்கவே முடியாது என்றால் அடித்தளத்தையாவது மண்ணாக விடச் சொல்லுங்கள், அங்கங்கே சொரசொரப்பான சாய்தளம் கேளுங்கள். சுவரின் இருபுறமும் பத்தடிப் புதர்ப் பட்டை கிடைத்தால் அதுவே ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே கீரிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் சாலை.

கால்வாயைத் திரும்ப ஆறாக்க முடியுமா என்று சந்தேகம் இருந்தால் சிங்கப்பூருக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். மகளைப் பார்க்கப் போனபோது பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் பாதி நாள் உட்கார்ந்திருந்தேன். அங்கே காலாங் ஆறு 2.7 கிலோமீட்டருக்கு நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. அதை உடைத்து 2012-இல் 3.2 கிலோமீட்டர் வளைந்து ஓடும் ஆறாக்கினார்கள். மழை வந்தால் பூங்காவே ஆற்றின் வெள்ளப்படுகை. தண்ணீர் ஏறும்போது எச்சரிக்கை ஒலிக்கும், மக்கள் விலகிக்கொள்வார்கள். அந்த ஆற்றுக்கு நீர்நாய்க் குடும்பம் வந்து குடியேறியது. நேர்க்கோடுதான் சிக்கனம் என்று ஆயுள் முழுக்க வரைந்தவனுக்கு அந்த வளைவைப் பார்க்கக் கொஞ்சம் வலித்தது.

கூட்டத்தில் என்ன சொல்வது

முதல் கேள்வி கொசுவாகத்தான் இருக்கும். டெங்கு பரப்பும் கொசு ஏரியில் முட்டையிடுவதில்லை; மொட்டைமாடி டிரம்மிலும் பூந்தொட்டித் தட்டிலும் பழைய டயரிலும்தான். இரவில் கடிக்கும் க்யூலெக்ஸ் தேங்கிய சாக்கடையில் பெருகும். மீனும் தும்பியின் இளம்புழுவும் இருக்கிற சுத்தமான ஏரியில் கொசுப்புழு பிழைப்பது கஷ்டம். இதைச் சொல்லிவிட்டு, கேள்வி கேட்டவர் வீட்டு மாடிக்கே எல்லோரையும் அழைத்துப் போங்கள். நான் போனேன். அன்றிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை, ஆனால் டிரம்மை மூடிவிட்டார்.

அடுத்தது பாம்பு. அதற்கு வாதம் உதவாது. வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே பத்தடி அகலத்துக்குப் புல்லைக் குட்டையாக வைத்துக் காட்டுங்கள், பாம்பு பிடிப்பவரின் எண்ணைச் சங்கப் பலகையில் எழுதுங்கள், சத்தம் குறையும்.

ஆக்கிரமிப்புப் பேச்சு வரும். ஏரிகளை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆக்கிரமிப்பு என்றதும் எல்லோரும் கரையோரக் குடிசையைக் காட்டுவார்கள், மதில் கட்டியவரைக் காட்டமாட்டார்கள். அளவை என்றால் முழு எல்லைக்கும் அளவை வேண்டும் என்று தீர்மானத்தில் எழுதுங்கள். ஈரநிலங்களுக்கான 2017 விதிகளையும் சிலர் எடுத்துக்கொண்டு வருவார்கள். பாசனத்துக்காக மனிதர் கட்டிய ஏரிக்கு அவை பொருந்தாது. அதை நம்பி மனு எழுதினால் முதல் பக்கத்திலேயே திருப்பிவிடுவார்கள்.

அதைவிடக் கைக்கு எட்டுவது 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம். அதன்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் உயிரினங்களைப் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட்டிருக்க வேண்டும். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனுவில் அதன் நகலைக் கேளுங்கள். வந்ததும் உங்கள் ஒரு வருடக் குறிப்பைப் பக்கத்தில் வைத்து, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தச் சட்டத்தின் கீழ்தான் மதுரைக்கு அருகே அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. கிராமமானால் நவம்பர் 1 உட்பட வருடத்துக்கு ஆறு கிராம சபை. நகரமானால் பகுதி சபை. வாய்ப்பேச்சு வேண்டாம். ஒரு பக்கத் தீர்மானம், ஒரு வரைபடம், ஒரு எண்ணிக்கைப் பட்டியல்.

ஊர் ஏன் பறவைக்காக மெனக்கெட வேண்டும் என்று கேட்டால் வேடந்தாங்கலைச் சொல்லுங்கள். அந்த ஊர்க்காரர்கள் இருநூறு வருடத்துக்கும் மேலாகப் பறவையைச் சுடவிடாமல் காத்ததற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. கடம்ப மரங்களில் கூடு கட்டும் ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைந்து மதகு வழியாக வயலுக்கு உரமாகப் போனது. உங்கள் ஏரியால் உங்கள் தெருவுக்கு என்ன லாபம் என்பதை அந்த மாதிரி ஒரே வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். எங்கள் வாக்கியம்: ஏரி தாம்பாளமாக இருந்தபோது சென்னையே தண்ணீருக்குத் தவித்த 2019-இலும் எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீர் ஜூன் வரை தாங்கியது.

எஸ்டிமேட்டில் ஒரு சிக்கல்

எஸ்டிமேட் போடும்போது ஒன்று தெரியவரும். தோண்டினால் கனமீட்டருக்கு இவ்வளவு, பூசினால் சதுரமீட்டருக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. 'அப்படியே விடுதல்' என்பதற்கு எஸ்டிமேட் தாளில் ஒரு வரிகூடக் கிடையாது. தாளில் வரி இல்லாத இடத்தில் யாராவது எதையாவது கட்டிவிடுவார்கள். அதனால் அதையும் ஒரு வேலையாக எழுதுங்கள்: 'உள்வாய், வடகிழக்கு மூலை, 2 ஏக்கர், இயற்கைப் புல்வெளியாகப் பராமரித்தல், காவல் மற்றும் கண்காணிப்புக் கூலி'. நிறமும் கொடுங்கள், வரைபடத்தில் வெள்ளையாக விட்டால் காலிமனை என்று நினைப்பார்கள். எந்த மாதம் எந்த மூலையில் இயந்திரம் இறங்கலாம் என்ற அட்டவணையும் அதோடு போக வேண்டும். வலசைப் பறவைகள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. தரையில் முட்டையிடுபவை மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை. இரண்டுக்கும் தப்பிய இடைவெளி மிகச் சின்னது. ஆகவே மூலைக்கு மூலை தேதி மாறும், ஒவ்வொரு மூலையையும் முதல் நாள் காலையில் ஒருவர் நடந்து பார்த்துத்தான் திறந்துவிட வேண்டும்.

எங்கள் நடைபாதையின் கிழக்குப் பகுதியை, அறுபது மீட்டர், போன பிப்ரவரியில் பெயர்த்தோம். நான் வரைந்ததை நானே உடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கற்களைக் குவித்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தோம். லாரி வர ஒரு மாதம் தாமதம். வந்த காலையில் அந்தப் பெண் ஓடிவந்து, "அங்கிள், லாரிய நிறுத்துங்க" என்றாள். குவியலுக்கும் சேற்றுக்கும் நடுவில், உடைந்த பேவர் பிளாக் துண்டுகளுக்கிடையே, ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கல்லுக்கும் முட்டைக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

லாரிக்காரருக்கு வெயிட்டிங் சார்ஜ் கொடுத்து அனுப்பினோம். குஞ்சு பொரிக்க நான்கு வாரம் ஆகும். கற்கள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன.